கழுத்து நாடி

பிட் தெரு, பினாங்கு
5 மார்ச் 1937

மச்சானுக்கு ஆசியாவின் ஸலாம்.

கோபித்துக்கொண்டு ரயிலேறிப் போன மனுஷருக்கு நான் முதலில் எழுதுவதில்லை என்றிருந்தேன். எட்டு மாதம் அப்படியே இருந்தும் காட்டினேன். இப்போது எழுதுவதும் சமாதானம் பேச அல்ல. ஆஸ்பத்திரியில் உங்கள் சம்மதம் கேட்கிறார்கள். கணவன் கைப்பட எழுதித் தராமல் டாக்டர் என் மேல் கத்தி வைக்க மாட்டாராம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பிருந்தே வலது புருவத்துக்குப் பின்னால் ஒரு வலி. மிளகாய் நெடி என்று விட்டுவிட்டேன். நாசி கண்டார் சோற்றுக் கடைகளுக்கு மசாலா அரைத்துக் கொடுக்கிறவளுக்குக் கண் எரியாமல் வேறு எது எரியும்? போன வாரம் சுபுஹுக்கு எழுந்தால் வலது இமை திறக்கவில்லை. விரலால் தூக்கிப் பார்த்தால் என் தங்கச்சி ரொஸ்னா இரண்டு ரொஸ்னாவாகத் தெரிகிறாள். ஒருத்தியையே என்னால் சமாளிக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு ரோஹானா, மலாய் மந்திரவாதி பொமோவிடம் போய் மந்திரிக்கலாம் என்றாள். ரொஸ்னாதான் "அதெல்லாம் வேணாம்லா ராத்தா, வா" என்று ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். வெள்ளைக்கார டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். வலது கண்ணின் பாப்பா பெரிதாக விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றதாம். அதைப் பார்த்ததும் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

அங்கே டாக்டருக்கு உதவியாக வாசு என்று ஒரு டிரஸ்ஸர், தமிழ் ஆள். டாக்டர் சொல்வதை அவர்தான் எனக்குச் சொன்னார். "சைக்கிள் டியூப் ஒரு எடத்துல மெலிஞ்சு போச்சுன்னா அந்த எடம் மட்டும் கொப்புளமா பம்மும்ல? அது மாதிரி ஒங்க கண்ணுக்குப் பின்னால ரத்தக் குழா பம்மியிருக்கும்மா. அதுதான் நரம்ப அமுக்குது." வெடித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கேள்வி புரிந்துவிட்டது.

இன்னும் வெடிக்கவில்லை, மச்சான். அந்த மட்டுக்கும் ஷுக்ரு. எப்போது வெடிக்கும், வெடிக்குமா என்பதே யாருக்கும் தெரியாதாம். கழுத்தின் வலது பக்கம் துடிக்கிற பெரிய குழாயைக் கட்டிவிட்டால் மேலே அழுத்தம் குறைந்து பம்மினது அடங்கும் என்கிறார் டாக்டர். ஆபத்தும் உண்டு என்றார். எந்த ஆபரேஷனில்தான் இல்லை.

சீக்கிரம் எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆசியா


சிங்கப்பூர்
10 மார்ச் 1937

ஆசியாவுக்கு,

எட்டு மாதம் கழித்து எழுத உனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. கண்டுபிடித்துவிட்டாய்.

நேராகவே கேட்கிறேன். முகம்மது கனி காக்கா கூடப்பிறந்த தம்பி என்று என்னைத் தன் துணிக்கடைக்குக் கூப்பிட்டார், நமக்கு வீடும் பார்த்து வைத்தார். "அம்மியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக வர முடியாது" என்று சொன்னவள் நீ. நீ வருகிறவரை பினாங்கு வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவன் நான். இப்போது இமை தொங்குகிறது, உடனே எழுது என்கிறாய். இமை தொங்கினால் யாராவது கழுத்தை அறுப்பார்களா? காலில் முள் குத்தினால் தலையை எடுப்பார்களா?

காக்காவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மசாலா நெடியும் தூக்கமில்லாததும்தான் என்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. கொஞ்ச நாள் அம்மியைத் தொடாதே. தைலம் ஒரு புட்டி அனுப்பியிருக்கிறேன், கண்ணில் படாமல் நெற்றியில் தடவு. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கிக் குடி.

கத்திக்கு நான் சம்மதிக்கவில்லை.

ஜபருல்லா

இரண்டு ரொஸ்னா தெரிகிறாள் என்று எழுதியிருந்தாய். இப்போதும் அப்படித்தானா?


பினாங்கு
16 மார்ச் 1937

மச்சானுக்கு,

இப்போதும் இரண்டுதான். தைலத்தை ரொஸ்னா இடுப்புக்குத் தேய்த்துக்கொண்டாள். நல்ல குணம் தெரிகிறதாம்.

உங்களை வரவழைக்க நான் கண்ணை மூடிக்கொண்டு நடிக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். நடிக்கத் தெரிந்தவளாக இருந்தால் நீங்கள் பெட்டி கட்டிய அன்றே மயங்கி விழுந்திருப்பேனே!

இன்னொன்றையும் கூச்சப்படாமல் எழுதுகிறேன், அப்போதுதான் உங்களுக்கு உறைக்கும். ஆஸ்பத்திரியில் என்னிடம் ரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று கேட்டால் வாசு தரையைப் பார்க்கிறார். ரொஸ்னா ஒரு நர்ஸிடம் விசாரித்து வந்தாள். ஆண்கள் வெளியூரில் பிடித்து வந்து பெண்டாட்டிக்குக் கொடுக்கிற வியாதி ஒன்று இருக்கிறதாம், அது ரத்தக் குழாயை அரிக்குமாம், அது எனக்கு உண்டா என்று பார்க்கத்தானாம். பதில் வரும்வரை நான் பட்டது அல்லாஹ்வுக்குத் தெரியும். பம்மின குழாயைக்கூட மறந்துவிட்டேன். படுத்தால் நீங்கள் போய் வந்த ஊரெல்லாம் வந்து நின்றது. மேடான், ரங்கூன், கோலாலம்பூர். கடைசியில் ரத்தம் சுத்தம் என்று வந்தது. உங்களுக்கு அது ஒரு நற்சாட்சி, வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகப்பட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீங்களும்தான் என்னைச் சந்தேகப்பட்டீர்கள்.

குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, மூச்சடக்கி முக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரொஸ்னா அரைக்கிறாள், கடைக்காரர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். தொழுகைக்கு என்ன செய்வது என்று ஹஜ்ரத்திடம் ஆள் விட்டுக் கேட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து தொழலாம், சுஜூதுக்குத் தலையைச் சற்றே சாய்த்தால் போதும் என்றார். மார்க்கத்தில் இடம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெற்றி தரையில் படாமல் கேட்கிற துவா மேலே போய்ச் சேருகிறதா என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

வலி கூடியிருக்கிறது. நாள் தள்ள வேண்டாம் என்கிறார் டாக்டர். சம்மதம் எழுதுங்கள். இல்லையென்றால் நேரில் வந்து அவர் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்லுங்கள்.

ஆசியா


சிங்கப்பூர்
22 மார்ச் 1937

ஆசியா,

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டு படித்தேன். துணி அளக்கச் சொல்லிக் காத்திருந்த அம்மாள் பார்த்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

இங்கே ஒரு தமிழ் டாக்டர் இருக்கிறார். அவரிடம் போய் உன் விஷயத்தைச் சொன்னேன், ரத்தம் எடுத்ததைத் தவிர. கண் பாப்பா விரிந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "பினாங்குல டாக்டர் என்ன சொல்றாரோ அதக் கேளுங்க" என்றார். அதற்கு மேல் என்னோடு பேச அவருக்கு விருப்பமில்லை. தைலம் அனுப்பியதை நான் அவரிடம் சொல்லவில்லை.

வாப்பா எப்படி மவுத்தானார் என்று உனக்குத் தெரியும். நான் பக்கத்தில் நின்றது தெரியாது. பள்ளிவாசலில் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பி என்னைப் பார்த்து "தலை" என்றார். அவ்வளவுதான். விழாமல் பிடித்தவன் நான்தான். பிடித்தபோது அவர் இல்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நீ எப்போது அப்படிச் சொல்வாய் என்று பார்த்திருக்க என்னால் ஆகாது. வாசலை மிதிக்க மாட்டேன் என்ற வீம்பெல்லாம் உன் கடிதத்தோடு போய்விட்டது. இப்போது தடுப்பது வீம்பு இல்லை. கோழை என்று சொல்லிக்கொள்.

சம்மதம் எழுத உட்கார்ந்தால் கை வரமாட்டேன் என்கிறது. கட்டாமல் விட்டால் என்ன? கட்டினால் என்ன ஆபத்து? அதை நீ ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறாய். கசப்பு மருந்தை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுக்கிறவள் நீ. மறைக்காமல் எழுது.

ஜபருல்லா


பினாங்கு
29 மார்ச் 1937

மச்சானுக்கு,

வாப்பாவை நீங்கள்தான் பிடித்தீர்கள் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்று. கோழை என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் கேள்விகளை அப்படியே டாக்டரிடம் கேட்டேன். கட்டாமல் விட்டால் பல வருஷம் சும்மாவும் இருக்கலாம், நாளைக்கே வெடிக்கவும் வெடிக்கலாம். ஆனால் இமையைச் சாய்க்கிற அளவுக்கு வளர்ந்தது இனிமேல் சும்மா இருக்கும் என்று நம்ப அவருக்குத் தைரியமில்லையாம். கட்டினால், மூளையின் வலது பாதிக்கு இடது பக்கத்திலிருந்து ரத்தம் வந்து சேர வழியிருக்க வேண்டும். இருந்தால் பிழைத்தேன். இல்லையென்றால் இடது கையும் காலும் விழுந்துவிடும், உயிரே போனாலும் போகும். போதுமா? இதைத்தான் தாண்டிப் போனேன்.

அந்த வழி இருக்கிறதா என்று வெட்டாமலே பார்க்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கழுத்தின் வலது பக்கம் துடிக்கிற நாடியை விரலால் உள்ளே அழுத்திப் பிடிக்க வேண்டும். துடிப்பு நிற்கும். முதலில் கொஞ்ச நேரம், பிறகு நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மற்றப் பக்கத்து ரத்தம் அதற்குள் வழி பழகிக்கொள்ளுமாம். வீட்டில் நானே செய்ய வேண்டும், துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும். இடது கையால்தான் அழுத்த வேண்டும் என்று வாசு கண்டிப்பாகச் சொன்னார். நம் வீட்டுக் கடிகாரம் நீங்கள் போனதிலிருந்து ஓடவில்லை, அதனால் ஓதித்தான் நேரம் பார்க்கிறேன். முதலில் ஒரு ஃபாத்திஹா ஓதும் நேரம். இப்போது சின்ன சூராக்களையும் சேர்த்து ஓதுகிறேன். வாசு என்னை ஓதச் சொல்லித் தன் கடிகாரத்தில் பார்த்துவிட்டு, நீளமான யாசீன் சூராவை ஓதி முடிக்கும்வரை தாங்கினால் கட்டலாம் என்றார்.

ரோஹானா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அல்லா, ஆசியா தன் கழுத்தத் தானே நெரிச்சுக்கிறா" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். ரொஸ்னா அவளோடு ஒரு மூச்சு சண்டை போட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஃபாத்திஹா ஓதிக்கொண்டு இடது கையைக் கழுத்தில் வைப்பது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

வர முடியாவிட்டால் போகட்டும். சம்மதத்தை அனுப்புங்கள்.

ஆசியா


சிங்கப்பூர்
4 ஏப்ரல் 1937

ஆசியா,

சம்மதம் இத்துடன் இருக்கிறது. இங்கிலீஷில் எழுதுவித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று அந்த டாக்டர் கேட்டால் என்னுடையதுதான் என்று சொல்.

ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. குர்ஆன் ஓதிக்கொண்டு இடது கையாலா? கழுவுகிற கை அது. அந்த வாசுதான் ஆகட்டும், வீட்டில் இடது கையால் விபூதி பூசிக்கொள்வாரா? ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏதோ தங்கள் வசதிக்குச் சொல்லியிருப்பார்கள். நீ பிஸ்மி சொல்லி வலது கையால் பிடி. உயிர் விஷயம், பரக்கத்தோடு நடக்கட்டும்.

மஃரிபு தொழுததும் நான் இங்கே யாசீன் ஓதுகிறேன். நீயும் அதே நேரத்தில் ஓது. பக்கத்தில் இருக்கத்தான் முடியவில்லை, அவ்வளவாவது சேர்ந்து செய்வோம்.

ஜபருல்லா


பினாங்கு
15 ஏப்ரல் 1937

மச்சானுக்கு,

எழுதுவது நானேதான். கையெழுத்தைப் பார்த்துத் தைரியம் கொள்ளுங்கள். தந்தி கொடுக்கிறேன் என்று ரொஸ்னா துடித்தாள், நான் விடவில்லை. தந்தியைப் பிரிப்பதற்குள் உங்களுக்கு ஏதாவது ஆகிவிடும்.

உங்கள் கடிதம் வந்த அன்று மஃரிபுக்குப் பிறகு பிஸ்மி சொல்லி வலது கையால் பிடித்தேன். நீங்களும் ஓதுகிறீர்கள் என்ற நினைப்பில் நிறுத்தி நிதானமாக ஓதினேன். பாதி தாண்டியிருக்கும், நாக்கு தடித்தது. எனக்கு வேறொன்றும் தெரியவில்லை, சௌகரியமாகத்தான் இருந்தது. ரொஸ்னா பார்த்தது வேறு. என் இடது கை மடியிலிருந்து நழுவித் தொங்கியது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, நான் நாற்காலியில் சரிந்துகொண்டே ஓதிக்கொண்டிருந்தேன். "ராத்தா, என்னா பண்ணுது?" என்று கத்தினாளாம். "ஒன்னுமில்ல" என்று குழறினேனாம். வலது கை மட்டும் நல்ல பலத்தோடு கழுத்தை அமுக்கிக்கொண்டே இருந்தது. அவள்தான் விரல்களைப் பிடுங்கி எடுத்து என்னைப் பாயில் கிடத்தினாள்.

அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. இடது கை என்னுடையதாக இல்லை. பாயில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் போலக் கிடந்தது. அதைப் பார்த்து அழுதேன். இஷாத் தொழுகை நேரத்துக்குப் பிறகு விரல் அசைந்தது. இப்போது எல்லாம் திரும்பிவிட்டது, பெருவிரலில் மட்டும் கொஞ்சம் மரப்பு.

வாசு இடது கை என்றது வசதிக்காக அல்ல. வலது பாதி மூளைக்கு ரத்தம் போதாவிட்டால் முதலில் சோர்வது இடது கை. அழுத்துகிற கை அதுவாக இருந்தால் தானாக நழுவிவிடும், ரத்தம் ஓடிவிடும், ஆபத்தில்லை. வலது கைக்கு அந்தச் சோர்வு வராது. அது விடாது. இதை வாசு அன்றைக்கே விளக்கினார். நான்தான் உங்களுக்கு எழுதவில்லை. கை விழும் கால் விழும் என்று ஏற்கெனவே எழுதியாயிற்று, இன்னொரு தடவை எழுதினால் சம்மதம் தர மாட்டீர்கள் என்று பயந்தேன்.

தெரிந்துகொண்டே ஏன் கையை மாற்றினாய் என்று கேட்பீர்கள். நீங்கள் எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. இடது கையோடு ஓதுவது உறுத்திக்கொண்டே இருந்தது. சேர்ந்து ஓதுவோம் என்று வேறு எழுதியிருந்தீர்கள். கை நழுவுவதெல்லாம் வேறு யாருக்கோ நடக்கும், எனக்கு நடக்காது என்று நினைத்தேன். உங்கள் மேல் பாதி என்றால் என் மேல் பாதி.

நேற்று டாக்டர் தன் முன்னால் இடது கையால் பிடிக்கச் சொன்னார். முன்பு தாங்கிய அளவுகூடத் தாங்கவில்லை, கை சட்டென்று மடியில் விழுந்தது. கட்ட முடியாது என்று சொல்லிவிட்டார். கட்டினால் அன்று நடந்தது திரும்பாமலே நின்றுவிடும். பம்மினது பம்மினபடி இருக்கட்டும், கண்ணை மாதாமாதம் காட்டு, திடீரென்று பெரிய தலைவலி வந்தால் அந்த நிமிஷமே வா, வேறு செய்வதற்கு இப்போது ஒன்றுமில்லை என்றார். உங்கள் சம்மதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆசியா


சிங்கப்பூர்
20 ஏப்ரல் 1937

ஆசியா,

நான் எழுதிய ஒரு வரி உன்னைக் கொன்றிருக்கும். பாதி பாதி என்று நீ பங்கு போட வேண்டாம்.

மாடிப்படி ஏறாதே. இருமல் வந்தால் அடக்காதே, பலமாகவும் இருமாதே. உப்பைக் குறை. பெருநாள் கூட்டம், கல்யாண வீடு எதற்கும் போகாதே. உன்னிடம் யாரும் குரல் உயர்த்தக் கூடாது, மனம் கோணப் பேசக் கூடாது என்று ரொஸ்னாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். ரோஹானாவிடமும், மசாலா எடுக்க வருகிற கடைக்காரர்களிடமும் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

நான் வரவில்லை. வந்தால் இன்னும் எதையாவது சொல்லி வைப்பேன்.

ஜபருல்லா


பினாங்கு
24 மே 1937

மச்சானுக்கு,

நீங்கள் சொன்னபடி எல்லோரும் நடக்கிறார்கள். ரொஸ்னா குழம்பில் உப்பே போடுவதில்லை, உப்பில்லை என்று சொன்னால் மூலையில் போய் அழுகிறாள். மசாலா சரியில்லை என்று சொல்ல வந்த கடைக்காரர் என்னைப் பார்த்ததும் "அருமை அக்கா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். மறுநாள் வருவதில்லை. ரோஹானா தெருவிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி வருகிறாள். மய்யித்து வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசுகிறார்கள். கபன் துணி மட்டும்தான் இன்னும் வாங்கவில்லை. எனக்கு உயிர் இருக்கிறது, மச்சான்.

பயம் இல்லாமல் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். படுத்தால் நாடி காதுக்குள் கேட்கிறது. தலையில் கொஞ்சம் வலித்தாலும் இதுதானோ என்று கலிமா சொல்லிக்கொள்கிறேன். வலி போய்விடும், கலிமா சொன்ன வாயோடு எழுந்து உலை வைப்பேன். இந்தப் பயத்தைச் சொல்லி அழவும் ஆளில்லை. வாயைத் திறந்தால் "ஒன்னும் ஆவாதுலா ராத்தா, படுத்துக்க" என்று போர்த்திவிடுகிறார்கள்.

புருஷனோடு சண்டை போட்டால் வெடித்துவிடுமா என்று டாக்டரிடம் கேட்டேன். அதைச் சொல்ல வாசுவுக்கு வெட்கம். டாக்டர் யோசித்துவிட்டு, கனம் தூக்காதே, முக்காதே, பேச்சுக்கு நான் தடை போடவில்லை, பொத்திப் பொத்தி வைத்தாலும் நெஞ்சு படபடக்கத்தானே செய்யும் என்றார்.

ஆகவே கேளுங்கள். மசாலா வேலையை நான் விடப் போவதில்லை. ஆள் வைத்து அரைப்பேன், பதம் நான் சொல்வேன். கல்யாண வீடுகளுக்குப் போவேன். சிங்கப்பூருக்கு வர மாட்டேன். இதில் எதற்காவது உங்களுக்கு மறுப்பு இருந்தால் வந்து சொல்லுங்கள். என்னோடு சண்டை போட உங்களைத் தவிர இந்த ஊரில் ஆளில்லை. எழுதி அனுப்பினால் படிக்க மாட்டேன். ஒற்றைக் கண்ணால் படிப்பது சிரமமாக இருக்கிறது.

ஆசியா


சிங்கப்பூர்
31 மே 1937

ஆசியாவுக்கு,

படிக்க மாட்டாய் என்று தெரியும். ரொஸ்னா படித்துக் காட்டட்டும். மெதுவாக வேண்டாம், சத்தமாகவே படிக்கட்டும்.

நீ பிடிவாதக்காரி. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொன்னதில் ஒன்றே ஒன்றைத்தான் மறுபேச்சில்லாமல் கேட்டாய், அதுவும் கேட்கக் கூடாத அந்த ஒன்றை. மசாலா வேலைக்கு எனக்குச் சம்மதமில்லை. ஆள் வைத்தாலும் நீ சும்மா இருக்க மாட்டாய். "நகரு, நான் அரைக்கிறேன்" என்று அவளைத் தள்ளிவிட்டுக் குனிவாய். உன்னை எனக்குத் தெரியாதா? கல்யாண வீட்டுக்குப் போனால் அங்கே சட்டியைத் தூக்குவாய். சிங்கப்பூர் விஷயத்துக்குப் பதில் நேரில். காக்காவிடம் சொல்லிவிட்டேன். "பொண்டாட்டிக்குப் பயந்தவன்டா நீ" என்றார். இருக்கட்டும்.

பயம் போனதும் வரலாம் என்றுதான் இவ்வளவு நாள் இருந்தேன். அது போகவில்லை. கடைக்குள் தபால்காரன் வந்தால் உட்கார்ந்துவிடுகிறேன். அங்கே வந்தாலும் போகாது. நீ தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்ப்பேன், உனக்கு எரிச்சலாக இருக்கும். நான் கூப்பிட்ட குரலுக்கு நீ பதில் சொல்லாமல் அடுப்படிக்குள் இருந்தால் அதற்கொரு சண்டை போடுவேன். நீ பயந்தால் சொல்லு. ஒன்றும் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை வண்டி ஏறுகிறேன். பிறை ஸ்டேஷனில் இறங்கிப் படகில் வரும்போது உன்னை உயிரோடு பார்ப்பேனா என்றுதான் நினைத்துக்கொண்டு வருவேன். அதன் பிறகு கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நினைப்பேன். அப்படியே இருந்து பழகிக்கொள்வோம்.

ஜபருல்லா